நாறல் மீன் ஒன்று

“அண்ணை, நல்லா நாறின மீன் ஒண்டு இருக்கா?”

கிரிசாந் இப்படிக் கேட்டதும் கனகரத்தினத்தின் கத்தி பாதி அறுக்குளா மீனில் நின்றது. திருகோணமலை மீன் சந்தையில் அவன் ஏறி இறங்காத கடை இது ஒன்றுதான். மற்றக் கடைக்காரர்கள் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி அனுப்பியிருந்தார்கள்.

“நாறின மீனோ? எங்கட மீனெல்லாம் துள்ளிக்கொண்டு கிடக்குத் தம்பி.”

“துள்ளுறது வேண்டாம் அண்ணை. பழுதானதுதான் வேணும்.”

பாவம், அவன் நிலைமை அப்படி. நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்திருந்தான். உள்ளே ஜெலி போல வளைகிற மெல்லிய நாடா ஒன்று. ஒரு முனையில் விடும் வெளிச்சத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகும். கெட்ட மீனிலிருந்து கிளம்பும் ஆவி நாடாவில் ஊறினால் வெளிச்சம் மங்கும், சிவப்பு விளக்கு எரியும். நல்ல மீனென்றால் பச்சை.

பச்சை எரிவதை அவனுடைய பேராசிரியர் பார்த்துவிட்டார். சிவப்பையும் கண்ணால் கண்டால்தான் ஆராய்ச்சி தொடரும் என்று சொல்லிவிட்டார். இன்று பின்னேரம் வருகிறார். இதற்கென்றே கிரிசாந் தன் அறையில் பக்குவமாகக் கெடவைத்திருந்த சூடை மீனை, வீட்டுக்கார அம்மா தூக்கி எறிந்து மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டார்.

“என்னத்துக்குத் தம்பி பழுதான மீன்?”

“சோதிச்சுப் பாக்க.”

கிரிசாந் கருவியை எடுத்து நீட்டினான். குனிந்தபோது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மீன் பலகையில் இடித்தது. கனகரத்தினம் அட்டையைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ சேர்.”

உள்ளே போய் ஒரு பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இது மூண்டு நாள் பழசு சேர். கடல்ல வீசவெண்டு எடுத்து வச்சனான். காசெல்லாம் வேண்டாம்.”

கிரிசாந்துக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அவன் சைவ வீட்டுப் பிள்ளை. அவனுக்கு எந்த மீனும் நாறத்தான் செய்யும். மூக்கைப் பொத்திக்கொண்டு கருவியை மீனின் வாய்க்குள் வைத்தான்.

பச்சை.

துடைத்துவிட்டு வயிற்றில் வைத்தான். பச்சை. வாலருகே வைத்தான். பளிச்சென்று பச்சை.

மூலையில் மூடிக்கிடந்த பெட்டியொன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

“ஐயோ, அதில இருக்காதேங்கோ சேர், உடைஞ்சிடும்!” என்று கனகரத்தினம் பதறினார்.

அது அவன் காதில் விழவேயில்லை. மூன்று நாள் பழைய மீனை நல்ல மீன் என்று சாதிக்கும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் பாழ். அழுகையே வந்துவிட்டது.

அவன் அழுவதைக் கண்டு கனகரத்தினம் குழம்பிப்போனார். “என்ன சேர், கேஸ் போட ஏலாமப் போச்செண்டோ அழுறீங்கள்?”

“என்ன கேஸ்?”

“நீங்கள் சுகாதாரப் பரிசோதகர்தானே?”

“இல்லை அண்ணை! நான் கம்பஸில படிக்கிறனான். இந்தக் கருவி நான் செய்தது. பழுதான மீனுக்கு இது சிவப்புக் காட்ட வேணும். காட்டேல்லையே! என்ட படிப்பே முடிஞ்சுது.”

கனகரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

“இதை முதல்லயே சொல்லக்கூடாதோ தம்பி? நான் தந்த பாரை இண்டைக்கு விடியப் பிடிச்சது. நாறினதெல்லாம் நீங்கள் இருக்கிற பெட்டிக்குள்ள கிடக்கு!”