பார்வையாளர் நேரம்

வீட்டு நோயாளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் எங்கள் படுக்கையறை மருத்துவமனை வார்டாகிவிட்டது. என் கணவர் சுகவனம் உள்ளே, நான் கூடத்தில். மாலை நாலு முதல் ஐந்து வரை பார்வையாளர் நேரம். மீறினால் நர்ஸ் செலினின் உரிமம் போய்விடும். நல்ல சட்டம்தான். அவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை.

முதலில் அழுதேன். பிறகு எப்போதென்று தெரியவில்லை, மூன்றரைக்கே முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிட்டேன்.

"பஸ்ல கூட்டமா?" என்பார் அவர். சிரிப்போம். ஐந்தானதும், "பத்திரமாப் போயிட்டு வா" என்பார். கொஞ்ச நாளில் சிரிப்பது நின்றுவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

இன்று காலை செலின் வெளியே ஓடிவந்தாள்.

"அம்மா, உள்ள போங்க. மூச்சு இழுக்குது. சாயந்திரம் வரைக்கும் தாங்காது."

"நாலு ஆகலையே செலின். உன் வேலை போயிடுமே."

"என் வேலை கெடக்கட்டும். உங்களைத்தான் தேடுறார். போங்கம்மா!"

எழுந்தேன். பதற வேண்டும் என்று தெரிந்தது, பதற்றம் வரவில்லை. நைட்டியோடு எப்படிப் போவது என்றுதான் தோன்றியது.

கதவு வரை போனேன். முப்பது வருடம் நான் படுத்து எழுந்த அறை. கதவைத் தட்டிவிட்டு, யாராவது உள்ளே வரச் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.