செவந்தி வீட்டுக் குதிரைகள்

கறம்பக்குடிப் பக்கத்துப் பள்ளி வாசலில் மோட்டார் ஹாரன் அலறியது. வாத்தியார் ஆத்மநாதனுக்கு வியர்த்துவிட்டது. சமஸ்தானப் பள்ளி இன்ஸ்பெக்டர்! அவர் நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும்.

இன்ஸ்பெக்டர் சுவர்ப் படத்தைக் காட்டி, மூன்றாம் வகுப்புச் செவந்தியைக் கேட்டார்.

"இது கழுதைதானே?"

"குதிரைங்க. கழுதைக்குக் காது நீளமுங்க."

பிடரி, கணுக்கால், குளம்பு என்று பிரம்பு தொட்ட இடத்தையெல்லாம் தடுமாறாமல் சொன்னாள்.

"பலே! உங்க வீட்டில குதிரை இருக்கா?"

"ஏழு நிக்கிதுங்க."

ஆத்மநாதனுக்கு உயிர் வந்தது.

"பாடம் நல்லா நடத்தியிருக்கீர்" என்று பேனாவைத் திறந்த இன்ஸ்பெக்டர், "கடைசிக் கேள்வி. குதிரை வயித்துக்குள்ள என்னென்ன இருக்கும்?" என்றார்.

"ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்க. காலியா இருந்தாத்தான் சூளையில வெடிக்காம வேகும்!"