போதும் பொண்ணு

திருப்பூர் ஆலையில் தையல் மெஷின் முதல் வாசல் கதவு வரை ஒரே மென்பொருள்தான் ஆண்டது. மேலாளர் சொன்னால் மட்டுமே கேட்கும்; அவர் தன் திரையில் 'போதும்' என்று அடித்தால்தான் மெஷின்கள் நிற்கும். அவரோ, என் பக்கத்து மெஷினில் தைக்கும் செண்பகம் மயங்கி விழுந்த பிறகும் மெஷின் வேகத்தைக் குறைக்கவில்லை.

நான் புகார் எழுதினேன். பெயர்க் கட்டத்தில் வழக்கமாக டோக்கன் நம்பரைத்தான் போடுவோம். இந்த முறை முழுப் பெயரையே, நடுவில் வேண்டுமென்றே இடம் விட்டு, போட்டேன்: போதும் பொண்ணு.

மேலாளர் புகாரைத் திறந்தார். அவர் திரையில் வந்த முதல் சொல்லான 'போதும்' என்பதை அவரே இட்ட கட்டளையாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. முந்நூறு மெஷின்களும் ஒன்றாக நின்றன.

"யாரு நிறுத்துனது?" என்று ஓடிவந்தார்.

"எம் பேருதானுங்க. நாலாவதும் பொண்ணுன்னு எங்கப்பா வெச்சது. அவரு சொல்லி நிக்கலைங்க, எனக்கப்புறம் ரெண்டு தங்கச்சி. இங்கதான் சொன்னதும் நின்னிருக்கு!"