தண்ணி கேட்கும் கட்டம்

"இதுல ராஜா எப்ப வருவாரு வாத்தியாரே?"

சீனி இப்படிக் கேட்டதும் நாடக வாத்தியார் ராமையா கண்ணை மூடிக்கொண்டார். ஞானசூனியங்களுக்குப் பாடம் சொல்ல நேரும்போதெல்லாம் அவர் அப்படித்தான் மூடிக்கொள்வார்.

"ராஜாவும் வரமாட்டாரு, ராணியும் வரமாட்டா. இது பட்டணத்து நாடகம்லா! காலத்துக்கு ஏத்த மாதிரி எழுதியிருக்கேன். நீதான் கதாநாயகன்."

காலையில் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவுவது, சாயங்காலம் வாத்தியாரிடம் ராஜபார்ட் பயில்வது என்று காலம் தள்ளுகிறவன் சீனி. கிரீடம் இல்லாத கதாநாயகன் என்றதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

கதை இவ்வளவுதான். தோட்டத்து ஆள் ஒருவன் பட்டணம் போகிறான். தாகம் எடுக்கிறது. வீடு வீடாகத் தண்ணீர் கேட்கிறான். ஒருத்தரும் கொடுக்கவில்லை. நடுத்தெருவில் விழுந்து சாகிறான். சாகுமுன் ஒரு நீளமான பாட்டு.

"நாக்கு வறண்டு சாகுறவன் எப்படிப் பாடுவான்?"

"அது நாடக தர்மம். உனக்குப் புரியாது."

"பட்டணத்துல நெசமாவே தண்ணி குடுக்க மாட்டாங்களா?"

"டேய், நான் மெட்ராஸ்ல இருந்தவன்டா!"

வாத்தியார் மெட்ராசில் இருந்தது கப்பல் ஏறுவதற்கு முந்தின ஒரு பகல். அதிலும் பாதி, ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றதில் போய்விட்டது.

சீனிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வசனத்தை நெட்டுருப் போட்டான். கிரீடம் போனாலும் போகட்டும், ஈப்போவில் மேடை ஏறுவதை யார் விடுவார்கள்?

ஈப்போ கொட்டகை அன்றைக்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும். சீனிக்குக் கிழிசல் வேட்டி, கோணித்துண்டு, ஒட்டுத்தாடி. ஏழையானாலும் கதாநாயகன் ஆயிற்றே என்று வாத்தியார் ரோஸ் பவுடரை மட்டும் ராஜாவுக்கு அப்புகிற அளவுக்கு அப்பிவிட்டார்.

முதல் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. சபையில் "த்சொ, த்சொ" என்றார்கள். இரண்டாவது கதவும் சாத்தப்பட்டது. மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மூன்றாவது வாசலில் சீனி முட்டிபோட்டு, "அம்மா, ஒரு வாய் தண்ணி!" என்றான்.

முன்வரிசையில் இருந்து மங்களத்தம்மாள் எழுந்தாள். பெரிய கிராணி வீட்டு அம்மாள். பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்திருந்த வெண்கலச் சொம்போடு விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டாள்.

"நாங்க இத்தனை பேரு இருக்கோம், எங்க ஊருல ஒரு உசுரு தாகத்துல போறதா? குடிப்பா, குடி!"

கேஸ் விளக்குச் சூட்டில் சீனிக்கு நிஜமாகவே தொண்டை வறண்டிருந்தது. வாய் வைத்து மடமடவென்று குடித்தான்.

கைதட்டலில் கொட்டகை கிடுகிடுத்தது. அவ்வளவுதான், ஆளாளுக்குத் தர்மம் பொங்கிவிட்டது. ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார். இன்னொருத்தர் இளநீர் வெட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் பல்லைக் கடித்தார். "சாவுடா! விழுந்து சாவுடா!"

"எப்படி வாத்தியாரே சாவுறது? வயிறு முட்டிப்போச்சு."

பாட்டும் இல்லை, சாவும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி, ஈப்போ மக்களின் இரக்க குணத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்துவைத்தார். மங்களத்தம்மாளுக்கு மாலை போட்டார்கள். அந்தக் கலவரத்தில் சொம்பு மேடையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஈப்போ கொட்டகை வாசலிலேயே வாத்தியார் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என் நாடகம் பொய்யாப்போச்சுடா சீனி."

"நான் அப்பவே கேட்டேன்ல வாத்தியாரே?" சீனிக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேல் பழையபடி கிரீடம் வைத்துக்கொள்ளலாம்.

"சரி சரி, அந்தம்மா சொம்பைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. திருட்டுப் பட்டம் வேற வேணாம்."

சீனி சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று துடைத்து, தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாகக் கிளம்பினான்.

போனவன் சீக்கிரமே திரும்பினான். சொம்பு கையிலேயே இருந்தது.

"ஏண்டா, வீட்டுல யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. நீயே வச்சிக்கப்பான்னுட்டாங்க."

"சொம்பையா? வெண்கலம்டா அது!"

வாத்தியார் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நான் மகாபாவி. இப்பேர்ப்பட்ட ஜனங்களைக் கேவலமா எழுதிட்டேனே!" அங்கேயே நாடகம் எழுதிய காகிதக் கட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டார். "இந்தக் கட்டத்தையே அடிச்சிடுறேன். பட்டணத்துல ஒரு தெய்வம் தண்ணி குடுத்து அவனைக் காப்பாத்துது. அந்தம்மா பேரையே வச்சிடுறேன்."

சீனி பென்சிலைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் வாத்தியாரே. நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

"ஏண்டா?"

"நேத்து நாடகத்துல வந்தது நான்தான்னதும் அந்தம்மா சிரிச்ச முகமா ஓடியாந்து சொம்பை வாங்கக் கையை நீட்டினாங்க. நீட்டினவங்க, 'கோயில் திருவிழாவுல உங்க ஆளுங்களுக்கு என்னப்பா வேலை?'ன்னாங்க. தப்பு மேளம் அடிக்கிறவங்கம்மான்னேன். அதுக்கு அப்புறந்தான் சொம்பை என்னையே வச்சிக்கச் சொன்னாங்க."