வாடகைக்கு இல்லை

“சார், உங்க கடையில இதுவரைக்கும் ரெண்டு பேர் வியாபாரம் பண்ணிப் படுத்துட்டாங்க. ஏன்னு நான் சொல்லட்டுமா?”

கடையை வாடகைக்குக் கேட்டு வந்தவன் இப்படித் தொடங்குவான் என்று வீட்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை. மாடியில் அவர் குடியிருப்பு, கீழே கடை. அது பூட்டிக் கிடந்து ஒரு வருஷமாகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கரண்ட் மீட்டர் தனியா, தண்ணீர் வருமா என்றுதான் கேட்டார்கள். இந்த இளைஞன் கடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாடியேறி, சாப்பாட்டு மேஜையில் நகர வரைபடத்தை விரித்துவிட்டான்.

“சொல்லுங்க தம்பி.”

“கடைசியா இருந்தது மரச்சாமான் கடை. இந்த வார்டுல முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருக்கறவங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு வீடு மாத்தறவன் தேக்குக் கட்டிலா வாங்குவான்?”

“அதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடிக் கடை.”

“இங்க பாதிக்கு மேல முப்பத்தஞ்சு வயசு தாண்டாதவங்க சார். அவங்களுக்கு வெள்ளெழுத்து வர்றதுக்குள்ள கடைக்காரருக்குப் பசி வந்திருக்கும்.”

காபி கொண்டுவந்த வீட்டுக்காரரின் மனைவி சிரித்துவிட்டார்.

“அப்போ இங்க என்னதான் ஓடும்?”

“குழந்தை சாமான். சட்டை, தொட்டில், தள்ளுவண்டி, எல்லாம். மாநகராட்சிக் கணக்கை வச்சுத்தான் சொல்றேன். படத்துல நான் பச்சையடிச்ச தெரு பூரா கல்யாணமாகி நாலஞ்சு வருஷம் ஆனவங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. கையில காசு இருக்கு, நேரம்தான் இல்ல. பிரசவ ஆஸ்பத்திரி இங்க. குழந்தை டாக்டருங்க இங்க, இங்க. ஆனா ஒரு ஜட்டி வாங்கணும்னாலும் பாலம் தாண்டிப் போகணும்.”

“மார்க்கெட் பக்கம் இன்னும் கூட்டமாச்சே?”

“கூட்டம் இருக்கு, குழந்தை இல்லையே! தலைய எண்ணினா மட்டும் போதாது சார். நரைச்ச தலையான்னும் பாக்கணும்.”

உள்ளறையில் பேத்தி அழும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மகள் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வாய்விட்டு எதுவும் கேட்கிறவர் இல்லை. காலையில் செய்தித்தாளைக்கூட மாமனார் படித்து முடித்த பிறகுதான் தொடுகிறார். அதைத்தான் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை.

“இந்தப் படம் இங்கேயே இருக்கட்டும் தம்பி. யோசிச்சுச் சொல்றேன்.”

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் வீட்டுக்காரர் போனிலேயே முடித்துவிட்டார். “கடை வாடகைக்கு இல்ல தம்பி.”

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. “ஏங்க, அந்தப் பையன் நம்மள நம்பி எல்லாத்தையும் கொட்டிட்டுப் போனான். அதை அப்படியே தூக்கி நம்ம மாப்பிள்ளைக்குக் குடுக்கறது நல்லாவா இருக்கு?”

“ஜனத்தொகை என்ன அவன் பாட்டன் சொத்தா? பிள்ளை பெத்தது இந்தத் தெரு. கடை என்னோடது. அவன் படத்துல பச்சை அடிச்சான், அவ்வளவுதானே?”

“பாவம்ங்க.”

“நம்ம பொண்ணு பாவமில்லையா?”



அன்று மாலையே மாப்பிள்ளையை உட்காரவைத்து, வார்டு, வயது, பாலம் என்று எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல் எடுத்துவிட்டார். நரைத்த தலையைக்கூட விடவில்லை. மாப்பிள்ளை வெகுநாள் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாமா, இதெல்லாம் எப்போ படிச்சீங்க?”

“கண்ணத் தொறந்து வச்சிருந்தா போதும் மாப்பிள்ளை, தானா தெரியும்!”

கடைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அலமாரி போட்டார்கள். பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. இனிச் சரக்குதான் பாக்கி. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே கிடங்கைத்தான் கைகாட்டினார்கள். குழந்தை சாமான் மொத்த வியாபாரம். ஊரிலேயே அங்கேதான் விலை குறைவு.

மாமனாரும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போனார்கள். கூரையை முட்டும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதன் பின்னாலிருந்து எழுந்தவனைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வாங்க சார், உட்காருங்க,” என்றான் அந்த இளைஞன், கோபத்தின் சாயல்கூட இல்லாமல். “போன வாரமே வருவீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குன்னு தொட்டில் எல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“தம்பி... நீங்க கடை வேணும்னு...”

“ஊர்ல குழந்தைங்க இருக்குற தெருவெல்லாம் எனக்கு அத்துப்படி சார். அத்தனை தெருவுலயும் நானே கடை வைக்க முடியுமா? ‘குழந்தைக் கடை வைங்க’ன்னு போய்ச் சொன்னா, சரக்கைத் தலையில கட்ட வந்துட்டான்னு விரட்டுவாங்க. வாடகைக்குக் கேட்டா, அவங்களே வச்சுடறாங்க. நீங்க ஒன்பதாவது ஆளு.”

மாப்பிள்ளை மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“யாராவது நிஜமாவே வாடகைக்குத் தர்றேன்னு சொல்லிட்டா?”

“அந்த ஒரு பயம் மட்டும் இருந்துக்கிட்டேதான் இருக்கு,” என்றான் அவன். “ஆனா இதுவரைக்கும் யாரும் சொல்லல.”