எங்கட பிளேன்

மகளின் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மயிர் போனால் போகட்டும். முளைக்கும்.

வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் அவளைத் தள்ளி, மேலே தான் கவிழ்ந்து படுத்தாள். ஏழு வயதுச் சுபோதினி மூச்சுமுட்டிக் கத்தினாள்.

கத்தட்டும். கத்துகிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை.

வானத்தில் விமானங்கள் தாழப் பறந்தன. யாழ்ப்பாணத்தில் அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க வெளியில் நின்று கை தட்டியது. விசிலடித்தது. ஒரு மாதமாக ஷெல்லுக்குப் பயந்து எலி மாதிரி வளைக்குள் கிடந்த சனம், இன்றைக்குத் தோளில் கிடந்த துவாயை எடுத்து மேலே பார்த்து வீசுகிறது!

"வெளியில வா பிள்ளை! குண்டு போடேல்லை, சாப்பாடு போடுறாங்கள். இது இந்தியா. எங்கட பிளேன்!"

பக்கத்து வீட்டுக் கனகலிங்கத்தார்தான்.

எங்கட பிளேனாம்.

மாசியில் அவள் புருஷன் மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்கு வந்ததும் பிளேன்தான். கீழே நிற்பவன் ஆர், எவர் என்று விசாரித்துவிட்டா அது குண்டு போட்டது?

சத்தம் கடல் பக்கம் போய் அடங்கும்வரை அவள் அசையவில்லை.

வெளியே வந்தபோது பாரசூட் குடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய பொதி அவளுடைய வெண்டிப் பாத்தியிலேயே விழுந்து உடைந்தது. அரிசி, பருப்பு, பால்மா.

சனம் அவளைப் பார்த்துச் சிரித்தது. உடம்பெல்லாம் புழுதி, கையில் மகளின் ரிப்பன். சிரிக்காமல் என்ன செய்யும்?

அரிசியை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன விசரா? உலை வைத்தாள். மூன்று நாளாக முருங்கையிலைத் தண்ணீரில் கிடந்த பிள்ளை இரண்டு கோப்பை சோறு தின்றது. பார்த்திருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டவன் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார நினைத்தாள்.

விடிந்ததும், பிளேன் போட்ட அரிசியின் வெறுஞ்சாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனாள்.

"சாக்கு என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் கனகலிங்கத்தார்.

"மண் நிரப்பிப் பங்கருக்கு மேல அடுக்க."

"இனி என்னத்துக்குப் பங்கர்? அதுதான் எங்கட ஆக்கள் வந்திட்டாங்களே!"

"ஓமண்ணை. இனி வாறதுக்கு வழியைப் பாத்துக்கொண்டு போயிருக்கினம்."

அவர் சாக்கை நீட்டினார்.

பதினொரு சாக்குக் கிடைத்தது. மத்தியான வெயிலில் ஒற்றை ஆளாக நின்று மண் வெட்டிக் கொட்டினாள். கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள்.

சாக்குகளில் நீல நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவளுக்குத் தெரியாத பாஷை.

எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி அடுக்கினாள்.

அடுத்தமுறை வருகிறவன் வாசிக்கட்டும்.