அண்ணியின் காயின்

"காயின் பாதிக்குப் பாதி எறங்கிப் போச்சுங்க அண்ணி" என்று சமையலறை வாசலில் நின்று கௌசிக் போனை நீட்டினான். ஜெயப்பிரியா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோசை தீய்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை போலிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தீனதயாளனுக்குத்தான் ரத்தம் கொதித்தது. நாமக்கல்லில் ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு முக்கி முனகிக் காலம் தள்ளுகிறவன் அவன். இத்தனை வருடச் சேமிப்பும் மண்ணாய்ப் போனதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம், சொன்னேனே கேட்டாளா என்ற அற்ப சந்தோஷம் மறுபக்கம்.

லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறாள் ஜெயப்பிரியா. சம்பள நாளில் மட்டும் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வீடு திரும்புவாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், மகள் பிரீத்தியின் நர்சிங் படிப்புக்காகக் காயின் வாங்கினேன் என்பாள். வருடக்கணக்காக இதே பதில்தான்.

தம்பி கௌசிக்குக்கு பிட்காயின் பைத்தியம் முற்றியிருந்தது. அண்ணிக்கு இவ்வளவு விவரமா என்று அவன் பூரித்துப்போனான். இதை எந்த அரசாங்கமும் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது, வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும், இதுதான் நாளைய தங்கம் என்று அண்ணனுக்கு வகுப்பெடுப்பான். தீனதயாளன் ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்துவிடுவான்.

"அதையக் கொண்டுபோய் அடகுக்கடையில வெச்சா, அவன் பத்து ரூவா குடுப்பானாடா?"

"குடுக்க மாட்டானுங்க" என்று ஜெயப்பிரியாவே ஒத்துக்கொள்வாள்.

போன வருடம் விலை எகிறியபோது, அதை விற்று இரண்டாவது லாரிக்கு முன்பணம் கட்டலாம் என்று தீனதயாளன் கெஞ்சிப் பார்த்தான். மிரட்டியும் பார்த்தான். ஏறினாலும் இறங்கினாலும் அது பிரீத்தியின் படிப்புக்குத்தான், வேறு எதற்கும் தொட விடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டில் போட்ட நகையெல்லாம் அவன் வைத்த அடகில் ஒவ்வொன்றாக மூழ்கியபோதுகூட வாயைத் திறக்காதவள் அவள். அவளுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

இன்றைக்கு அந்தத் திமிர் அடங்கும் என்று நினைத்தான். வேண்டுமென்றே பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான்.

"புள்ள படிப்பைக் கொண்டுபோயி போனுக்குள்ள கொட்டிட்ட. இனி எந்தக் காலேஜுல சேப்ப? பேசாம மில்லு வேலைக்கு அனுப்பிச்சுடு."

சுவரோரம் நின்ற பிரீத்தி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மகளைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் ஆரம்பித்த சண்டையைப் பாதியில் விட மனம் வரவில்லை.

ஜெயப்பிரியா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து, புருஷனுக்கு நேர் எதிரே நின்றாள். அவள் கண்ணில் பயத்தின் சாயல்கூட இல்லை.

"அவ மில்லுக்கெல்லாம் போக மாட்டாளுங்க. நேத்தே காயினை வித்து, மொத்தப் பீசையும் காலேஜுல கட்டிட்டு வந்துட்டனுங்க."

கௌசிக் போனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். நேற்றே விலை சரிந்துவிட்டதே, அதற்கு விற்றிருந்தால் பாதிப் பீசுக்குக்கூடக் காணாதே என்று குழம்பிப்போய், எந்த ஆப்பில் விற்றீர்கள் என்று கேட்டான்.

அவள் கொழுந்தனுக்குத்தான் பதில் சொன்னாள். பார்வை மட்டும் புருஷனை விட்டு நகரவில்லை.

"நகைக்கடையில வித்தேன் தம்பி. தங்கக் காயின்னு சொல்லியிருந்தா, உங்கண்ணன் உட்டு வெச்சிருப்பாரா?"